கயிற்றைக் காட்டாமல் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலம்

ஆங்கில மரபுத்தொடர்களை வரிசையாகப் போட்டு, எதிரே பொருள் எழுதி, நெட்டுருப் போடச் சொல்கிற புத்தகங்கள் மேல் எனக்குத் தீராத கடுப்பு. அதிலும் கட்டுவது, முடிச்சுப் போடுவது, பூட்டுவது பற்றிய தொடர்களை அப்படிப் படிப்பது சுத்த வீண் வேலை. இவற்றில் பல, யாரோ கையில் கயிறு பிடித்து வேலை பார்த்தபோது பிறந்தவை. அந்தக் கயிறு எங்கே, எதற்காகக் கட்டியிருந்தது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் மனப்பாடமே வேண்டாம்.

'எண்ட் ஆஃப் மை டெதர்' என்பதற்குப் 'பொறுமை இழந்த நிலை' என்று போட்டிருப்பார்கள். டெதர் என்பது மேய்கிற மாட்டை முளையில் கட்டிவைக்கும் கயிறு. மாடு சுற்றிச் சுற்றி வந்து எட்டிய புல்லையெல்லாம் தின்று தீர்த்தாயிற்று, வட்டத்துக்கு அந்தப் பக்கம் புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது, கழுத்தை நீட்டுகிறது, கயிறு விறைத்துக்கொள்கிறது, அதற்கு மேல் ஒரு சாண் நகர வழியில்லை. இதைப் போய் வெறும் எரிச்சல் என்றால் எப்படி? பஸ் பத்து நிமிஷம் தாமதமானதற்கெல்லாம் இந்தத் தொடரை எடுத்துவிடுகிறவர்கள் அந்த மாட்டை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் டெதரை விட்டுவிட்டு 'ரோப்' என்கிறார்கள், மாடு காணாமல் போய்விட்டது.

'பிட்டர் எண்ட்' இன்னும் மோசம், எல்லோரும் கசப்பான முடிவு என்றே நினைக்கிறோம். பாய்க்கப்பலில் நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்டுவதற்கு மேல்தளத்தில் நட்டிருக்கும் கட்டைகளுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். வடத்தின் கப்பல் பக்கத்து நுனி பிட்டர் எண்ட். 1627-லேயே மாலுமிகளுக்கான நூல் ஒன்றில் இந்த விளக்கம் இருக்கிறது. வடம் முழுக்கக் கடலுக்குள் ஓடி அந்த நுனி வந்துவிட்டால், மேற்கொண்டு விடக் கயிறே கிடையாது. கசப்பெல்லாம் ஒலி ஒற்றுமையால் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கட்சி.

முடிச்சு என்று பொருள்படும் 'நாட்' கடலில் வேகத்தின் அளவானதும் இப்படித்தான். நீளக் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பலகையைக் கட்டிப் பின்பக்கமாகக் கடலில் எறிவார்கள். கப்பல் முன்னே போகப் போகக் கயிறு கைவழியே ஓடும். மணல் கடிகாரம் தீர்வதற்குள், அதாவது ஏறக்குறைய 28 விநாடிக்குள், எத்தனை முடிச்சு நழுவியதோ அதுதான் வேகம். ஒரு நாட் என்றாலே மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதனால் 'மணிக்கு 20 நாட்' என்று எழுதுவது தப்பு, '20 நாட்' போதும். புயல் செய்திகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது.

அப்புறம் 'ஃபாஸ்ட்'. விமானத்தில் பெல்ட்டை 'ஃபாஸன்' பண்ணச் சொல்கிறார்களே, அதன் தாய்ச்சொல் இதுதான். பழைய ஆங்கிலத்தில் உறுதியாக, அசையாமல் என்றுதான் பொருள். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் வேகமாகத் தூங்குவதா என்ன? உறுதியாக ஓடு, விடாமல் ஓடு என்று சொல்லிச் சொல்லியே வேகம் என்ற பொருள் வந்து சேர்ந்து, இன்று அதுவே முதல் பொருளாகிவிட்டது. சாப்பிடாமல் இருக்கும் விரதமும் இதே வேர்தான், மனதை இறுக்கிப் பிடிப்பது.

'போல்ட்' என்றால் தாழ்ப்பாள், அதையே வினைச்சொல்லாக்கினால் பிய்த்துக்கொண்டு ஓடுவது. வில்லிலிருந்து பாய்கிற குட்டை அம்புக்கு முதலில் அந்தப் பெயர் இருந்ததால் இரண்டுமே சரி. 'பக்கிள் டவுன்' என்றால் வரிந்துகட்டி வேலையில் இறங்குவது, வெறும் 'பக்கிள்' என்றால் அழுத்தம் தாங்காமல் மடங்கிப்போவது! 'கிளிப்' மாட்டவும் செய்யும் வெட்டவும் செய்யும், ஆனால் அது வேறு வேறு வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் தற்செயலாக ஒன்றுபோல் ஆன கதை, அதை மொழியின் குறும்பு என்று சொல்லிச் சிலாகிக்க ஒன்றுமில்லை.

கடைசியாக, அலுவலக மெயில் எழுதுகிறவர்களுக்கு. 'லூஸ் எண்ட்ஸ்' எல்லாவற்றையும் 'டை அப்' பண்ணிவிட்டேன் என்றால் மிச்சம் மீதி வேலையை முடித்தாயிற்று என்று பொருள். பிரிட்டிஷ்காரர் ஒருவரிடம் 'ஐ ஆம் அட் எ லூஸ் எண்ட்' என்று ஒருமையில் சொன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று பொருள். மேலதிகாரிக்கு இரண்டாவதை அனுப்பிவிட்டு, புது வேலை வந்து விழுந்தால் என்னைத் திட்டாதீர்கள்.