சமையல் எண்ணெய் மீதான இறக்குமதி வரியைக் கட்டுவது யார்?

"இறக்குமதி வரியை வெளிநாட்டுக் கம்பெனிதான் கட்டும், நம் வீட்டுச் செலவு ஏறாது" என்று மும்பை தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நவசேவா துறைமுகத்தில் பாமாயில் இறங்கும்போது சுங்கத்தில் பணம் கட்டுவது இந்திய இறக்குமதியாளர். மலேசியாக்காரரோ இந்தோனேசியாக்காரரோ அல்ல. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா (சுத்திகரிக்காத) பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. 100 ரூபாய் சரக்குக்கு 22 ரூபாய் கூடுதல். அதை யார் தன் கைக்காசிலிருந்து போடுவார்? மொத்த வியாபாரி, மளிகைக் கடை என்று கைமாறி அது நம் பில்லில் ஏறுகிறது. தாராவியில் முறுக்கு சுடுபவர் பாக்கெட் விலையை ஏற்றினால் வாடிக்கை போய்விடும்; ஏற்றாவிட்டால் டின்னுக்கு டின் நஷ்டம். பாவம், இரண்டு பக்கமும் இடிதான்.

சரி, முழுச் சுமையும் எப்போதும் நம் தலையில்தானா? இல்லை. சில நேரம் ஏற்றுமதியாளர் விலையைக் கொஞ்சம் குறைப்பார்; பழைய இருப்பு தீரும்வரை கடை விலை அசையாமலும் இருக்கலாம். உலகச் சந்தை விலைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில், வரியின் பெரும்பகுதி வாங்குபவர் மீதே விழும்.

சோயா விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கத்தான் வரியை ஏற்றினார்கள். அது நியாயமான நோக்கம். ஆனால் விலை கட்டுக்கு வர வேண்டும் என்றுதான் 2025 மே மாத இறுதியில் அதே வரியை அரசே 16.5 சதவீதமாகக் குறைத்தது.