வெயிலில் போட்டால் மரம் வெடிக்கும்

"வெட்டிய மாமரத் துண்டை இரண்டு வாரம் நல்ல வெயிலில் போடுங்கள், கடைசலுக்குத் தயார்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். (கடைசல் என்றால் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருக்கொடுப்பது.) தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பினாங்கு வெயிலில் மேல்பக்கம்தான் காயும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெளியே சுருங்கி உள்ளே சுருங்காதபோது வெடிப்பு விழுகிறது. அதுவும் முதலில் அறுத்த முனையில்தான். மரத்தின் நீர்க்குழாய்கள் அங்கே திறந்து கிடப்பதால் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் வெளியேறும்.

ஆகவே அறுத்த அன்றே இரு முனையிலும் உருக்கிய மெழுகைப் பூசுங்கள். அப்புறம், முழு உருளையாக வைக்காமல் நடு மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்துவிடுங்கள். வளர்ச்சி வளையத்தின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வித்தியாசத்தால் பிளக்காத உருளை வெடிக்காமல் தப்புவது அரிது.

கிண்ணம் கடைவதென்றால் காயும்வரை காத்திருக்கவே வேண்டாம். ஈரம் காயாத பச்சை மரம் உளிக்கு இதமாக இருக்கும். 25 செ.மீ. அகலக் கிண்ணத்துக்குச் சுவர் 2.5 செ.மீ. தடிப்பாக விட்டுக் கடைந்து, காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு, மாதக்கணக்கில் ஆகும். கிண்ணம் கோணியிருக்கும். அதை மறுபடி கடைந்து வட்டமாக்கத்தான் அந்தத் தடிப்பு.

ரப்பர் மரம் என்றால் தாமதிக்கவே கூடாது, சில நாளிலேயே பூஞ்சையால் நீலக் கறை ஏறிவிடும்.