தோற்றுப்போன நாடகம் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். நான் அழைத்து வந்திருந்த தோழியையும் பார்த்திருப்பீர்கள். அங்கேயே எழுந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, பேசாமல் வந்துவிட்டேன். மூன்று நாளாகியும் மனம் ஆறவில்லை.

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் வாசலை மிதிக்காத தோல்விகள் என்று திரையில் ஒரு பட்டியல். அதில் 'தி பேக்கர்ஸ் வைஃப்' (ரொட்டிக்காரரின் மனைவி) என்ற இசை நாடகம். "இதையெல்லாம் இன்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?" என்று பேச்சாளர் கேட்டதும் அரங்கமே சிரித்தது.

நான் நினைவு வைத்திருக்கிறேன். பிராட்வே போகவில்லை என்பது வேறு, தோற்றுப்போனது என்பது வேறு.

1976 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில், பிராட்வே போகும் முன் வெளியூர்களில் நடத்தும் வெள்ளோட்டம் தொடங்கியது. நவம்பரில் வாஷிங்டன் கென்னடி மையத்தோடு நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் அரங்கு பேசி வைத்திருந்தும் போகவில்லை. இவ்வளவுதான் எல்லோரும் சொல்வது. நடுவில் இருந்த ஆறு மாதத்தைப் பற்றி யாராவது பேசினார்களா? இயக்குநரை மாற்றினார்கள். ரொட்டிக்காரராக நடித்த டோபோலை மாற்றிப் பால் சொர்வினோவைக் கொண்டுவந்தார்கள். கதாநாயகியை மாற்றிப் பட்டி லூபோனைப் போட்டார்கள். கதாநாயகி பாடும் 'மெடோலார்க்' பாட்டு நீளம் என்று தயாரிப்பாளர் டேவிட் மெரிக் வெட்டச் சொன்னார். நடக்கவில்லை என்றதும் வாத்தியக்காரர்களின் இடத்துக்கே போய் இசைக் குறிப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமைக்கிறவன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாடு சரியில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இசையமைத்த ஸ்டீபன் ஷ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 28. அதே ஆண்டில் அவருடைய மூன்று நாடகங்கள் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்தன. பிராட்வேக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர் இல்லை. அவரும் வசனம் எழுதிய ஜோசப் ஸ்டைனும் இதைக் கைவிடாமல் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார்கள். பெற்றவர்களே கைவிடாததை நாம் ஏன் குப்பையில் போட வேண்டும்?

அந்த 'மெடோலார்க்' பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கண் தெரியாத ஒரு வானம்பாடி. வயதான அரசன் அதை அரண்மனைக்குக் கொண்டுபோய் அன்பாக வளர்க்கிறான். சூரியதேவன் அதற்குப் பார்வை கொடுத்து, என்னோடு பறந்து வா என்கிறான். அரசன் மனம் நோகுமே என்று வானம்பாடி மறுத்துவிடுகிறது. அன்றே செத்தும் போகிறது. ரொட்டிக்காரரின் இளம் மனைவி ஜெனிவீவ் இந்தக் கதையைத் தனக்குத்தானே பாடிவிட்டு, ஓர் இளைஞனோடு வீட்டை விட்டுப் போகிறாள். தவறு என்று நினைத்துக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

எனக்கு அந்தப் பாட்டு மேடையிலிருந்து வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லண்டனில் நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தோழி காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இதைப் பாடுவாள். உச்ச ஸ்வரம் வரும்போது மட்டும் குழாயை மூடிவிடுவாள். குரல் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் காலை மறுபடியும் குழாய்ச் சத்தம், மறுபடியும் அதே வானம்பாடி.

அவளுக்குப் பல ஆண்டுகள் முன்பே, இப்படித் தேர்வுக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்ப இதையே பாடியதால்தான் ஆங்கிலேய நாடக இயக்குநர் டிரெவர் நன்னுக்கு நாடகத்தின் மேல் ஆர்வம் வந்தது. 1989இல் லண்டனில் அவர் அதை மேடையேற்றினார். முடிந்துபோனது என்று மூடிவைத்த நாடகத்தைப் பிழைக்கவைத்தது வேலை தேடி வரிசையில் நின்றவர்களின் குரல்.

"லண்டனிலும் 56 காட்சிகள்தானே?" என்று கேட்பீர்கள். 56தான். அதனால் என்ன? இரண்டாம் பாதி தொய்கிறது என்பீர்கள். தொய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடிப்போன மனைவி திரும்பி வருவது பழைய பஞ்சாங்கம் என்று அன்று ஒருவர் சொன்னாரே, அதை மட்டும் ஏற்க மாட்டேன். அவர் அந்தப் பூனைக் காட்சியைப் பார்த்திருக்கவே முடியாது.

2024 கோடையில் லண்டன் மெனியர் சாக்லேட் ஃபேக்டரியில் நானும் தோழியும் பார்த்தோம். சின்ன அரங்கு. உள்ளே நுழைந்தால் ஒரு பிரெஞ்சுக் கிராமத்துச் சதுக்கம், காபிக்கடை மேசைகள். கடைசியில் மனைவி திரும்பி வந்து நிற்கிறாள். ரொட்டிக்காரர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. காணாமல்போன பூனையும் அப்போது வந்து சேர்கிறது. அவர் பூனையைத் திட்டுகிறார். எங்கே போயிருந்தாய், இவ்வளவு நாள் உன்னைக் காணாமல் இங்கே ஒருவர் பட்ட பாடு தெரியுமா என்று. மனைவி கேட்டுக்கொண்டே நிற்கிறாள். இதையா பழைய பஞ்சாங்கம் என்கிறீர்கள்? இவ்வளவு வலியை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன காட்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அன்று 'மெடோலார்க்' வந்தபோது தோழியைத் திரும்பிப் பார்த்தேன். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஒரு சொல் பிசகாமல். அவளை எந்த மேடையும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். அவளையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

யார் நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சிரித்தீர்களே, அப்போது அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எதுவும் சொல்லவில்லை. காலடியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் முடியும்வரை அதை இறுகப் பிடித்தபடியே இருந்தாள்.