எல்லாவற்றுக்கும் ஜனத்தொகைதான் காரணமா?

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையா? "ஜனத்தொகை சார், என்ன பண்றது?" தண்ணீர் லாரி வரவில்லையா? ஜனத்தொகை. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க அரை நாள் வரிசையா? அதற்கும் ஜனத்தொகை. சரி என்று சொந்த ஊருக்குப் போனால், அங்கே கடைசி பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். "ஆள் ஏறலை, கட்டுப்படியாகலை" என்கிறார்கள். செல்போன் டவர் கேட்டாலும் இதே பாட்டுதான். நாங்கள் எத்தனை பேர் இருந்தால்தான் உங்களுக்குச் சௌகரியம்?

ஜனம் பெருகுகிற வேகத்துக்குச் சாப்பாடு பெருகாது என்று இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் மால்தஸ் 1798இல் பயமுறுத்தியதை இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அவர் காலத்தில் உலகத்தில் ஏறக்குறைய 100 கோடிப் பேர். இப்போது 800 கோடிக்கு மேல். தலைக்குக் கிடைக்கும் சாப்பாடு கூடித்தான் இருக்கிறது. டென்மார்க் பொருளாதார அறிஞர் எஸ்டர் போசரப் 1965இலேயே தலைகீழாகச் சொல்லிவிட்டார்: ஆள் பெருகினால்தான் விவசாயி நிலத்தைத் தரிசாகப் போடுவதை விட்டுவிட்டு, வாய்க்கால் வெட்டி, எரு போட்டு, இன்னொரு போகத்துக்கு வழி பார்க்கிறான்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு தெருவில் சாக்கடைக் குழாயோ ஃபைபர் கேபிளோ பதிக்கிறீர்கள். அந்தத் தெருவில் பத்து வீடு இருந்தாலும் நூறு வீடு இருந்தாலும் பள்ளம் தோண்டும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். நூறு வீடு என்றால் தலைக்கு விழும் பங்கு குறையும். ரயிலும் அப்படித்தான். டோக்கியோவிலும் அதன் சுற்றுப்பகுதியிலும் சேர்த்து மூன்றரைக் கோடிக்கு மேல் ஜனம். அங்கே யமனோதே தடத்தில் காலை நெரிசல் நேரத்தில் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ரயில் வருகிறது. அத்தனை ரயில் விடக் கட்டுப்படியாவதே அந்தக் கூட்டத்தால்தான். இங்கே அதே கூட்டம் ரயில் விடாததற்குச் சாக்காகிறது!

கூட்டம் சேர்ந்தால் பணம் தானாகக் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,106 பேர் இருந்த பீகார் அல்லவா பணக்கார மாநிலமாக இருக்க வேண்டும்? தமிழ்நாட்டில் அப்போது 555 பேர்தான். பள்ளிக்கூடம், சாலை, பெண்களுக்கு வேலை, இதற்கெல்லாம் செலவு செய்யாத இடத்தில் கூட்டம் வெறும் கூட்டமாகவே நிற்கும்.

இன்னொன்று. "குறைவாகப் பெறுங்கள்" என்றீர்கள், குறைத்தாயிற்று. 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான். மக்கள்தொகை அப்படியே நிலைக்கவே 2.1 வேண்டும். பஸ் நெரிசல் குறைந்ததா? காலை எட்டு மணிக்கு இன்னும் நாலு பஸ் விட்டுப் பாருங்கள், குறையும்.