வாடகை குறைந்த ஊருக்குத்தான் உலகம் வரும்

2026 உலகக் கோப்பைக் கால்பந்து அமெரிக்காவில் 11 நகரங்களில் என்று முடிவானதிலிருந்து, அந்த 11 ஊர்களும் "நாங்கள்தான் சர்வதேச நகரம்" என்று மார்தட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஹூஸ்டனும் அதில் ஒன்று. எந்த ஊர் விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரே பட்டியல்தான்: எத்தனை நாடுகளுக்கு நேரடி விமானம், எத்தனை துணைத் தூதரகங்கள், எத்தனை சகோதரி நகரங்கள்.

சகோதரி நகரம், அதாவது இரண்டு நாட்டு ஊர்கள் செய்துகொள்ளும் நட்பு ஒப்பந்தம், என்றதும் சிரிப்பு வருகிறது. சென்னைக்கும் டென்வருக்கும் 1984 முதல் அந்த உறவு இருக்கிறது. சான் அன்டோனியோவும் சென்னைக்குச் சகோதரிதான். மயிலாப்பூர் குளத்தங்கரையில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்காவது தெரிகிறதா என்று.

விமான நிலையக் கணக்கும் அப்படித்தான். உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் விமான நிலையம் அட்லாண்டாவில் இருக்கிறது. வருகிறவர்களில் பெரும் பகுதியினர் அடுத்த விமானம் மாறிப் போய்விடுகிறார்கள். தூதரகங்களுக்கு வாஷிங்டனை யாரும் மிஞ்ச முடியாது, ஆனால் தூதரக அதிகாரி சில ஆண்டுகளில் பெட்டி கட்டிவிடுவார். வந்துபோகிறவர்களை வைத்து ஓர் ஊரை எடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, தங்கிவிட்டவர்களை எண்ணினால்? மயாமியில் வசிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அமெரிக்காவின் பெருநகரங்களில் இதைவிட அதிகம் வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள். கியூபாக்காரரும் வெனிசுவேலாக்காரரும் கொலம்பியாக்காரரும் ஒரே ஸ்பானிஷில் பேசிக் காரியம் முடித்துவிடலாம். அருமையான ஊர், மறுக்கவில்லை. ஆனாலும் அதை ஒரு கண்டத்தின் தலைநகரம் என்றுதான் சொல்வேன்.

பல நாட்டவர் கலந்து வாழும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஃபிளஷிங் பௌன் தெருப் பிள்ளையாருக்கு 1977லேயே கும்பாபிஷேகம் ஆகிவிட்டது. கேண்டீன் தோசை பற்றி இங்கே எழுதாதவர்கள் கிடையாது. அதனால் ஹூஸ்டனுக்கு வருகிறேன். இந்த ஊர் உலக நகரமானதில் திட்டமிட்ட பெருந்தன்மை எதுவும் இல்லை. அதனாலேயே எனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது ஹூஸ்டனில் பணம் கொட்டியது. மற்ற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்களுக்காக நகரின் தென்மேற்கில் கல்ஃப்டன், ஷார்ப்ஸ்டவுன் பக்கமெல்லாம் அடுக்ககங்கள் முளைத்தன. நீச்சல் குளம், கேளிக்கைக் கூடம் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். 1982இல் சரிவு தொடங்கியது, 1986இல் எண்ணெய் விலை ஒரேயடியாக விழுந்தது. அந்தச் சில ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. வந்த இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். வரிசை வரிசையாகக் காலி வீடுகள்.

அதே ஆண்டுகளில்தான் எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் உள்நாட்டுப் போர். தப்பி வந்தவர்களுக்குக் குறைந்த வாடகை தேவை. வீட்டுக்காரர்களுக்கு எந்த வாடகையாவது தேவை. யார் எவர் என்று துருவாமல் வீடு கொடுத்தார்கள். ஸ்பானிஷில் 'வீடு வாடகைக்கு' பலகை மாட்டினார்கள். கருணை என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன், காலி வீட்டுக்கும் வங்கித் தவணை கட்ட வேண்டுமே! ஆனால் பின்னாலேயே ஆப்கானியர், பர்மியர், காங்கோ நாட்டவர் என்று எத்தனையோ அகதிக் குடும்பங்கள் முதலில் வந்து இறங்கியது இந்தத் தென்மேற்கு வீடுகளில்தான். கையில் காசு இல்லாமல் வந்து இறங்குகிறவருக்கு முதல் ஆறு மாதம் தாங்கும்படி ஒரு கூரை கிடைக்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. சான் பிரான்சிஸ்கோ எத்தனை மொழிகளில் வரவேற்புப் பலகை வைத்தாலும் இந்தக் கேள்வியில் தேறாது. வாடகையே ஆளைப் பொறுக்கி எடுத்துவிடுகிறது.

இரண்டாவது, கடை. எங்கே வீடு, எங்கே கடை என்று பிரித்துவைக்கும் நில மண்டலச் சட்டம் அமெரிக்கப் பெருநகரங்களில் இல்லாதது ஹூஸ்டன் மட்டும்தான். 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களிடம் கேட்டார்கள், மூன்று முறையும் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். விளைவு பார்க்க லட்சணமாக இருக்காது. கார் பழுதுபார்க்கும் ஷெட், அதை ஒட்டி மசூதி, எதிரே பல் மருத்துவர், பக்கத்தில் புத்தர் கோயில். நகர அமைப்பு படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஊர் இப்படிக் கண்டபடி பரவி, மழைநீரை உறிஞ்ச வேண்டிய மண்ணெல்லாம் கான்கிரீட் ஆனதன் பலனை 2017இல் ஹார்வி புயல் வந்தபோது நெஞ்சளவு தண்ணீரில் பார்த்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சாலையோரக் கடைத்தொகுதியில் ஒரு சின்ன அறையைப் பிடித்துத் தொழில் தொடங்குவது இங்கே எளிது. பெல்லேர் சாலையில் மைல் கணக்கில் சீன, வியட்நாம் கடைகள், தெருப்பெயர்ப் பலகையிலும் சீன எழுத்து. ஹில்கிராஃப்ட் பக்கம் வந்தால் நம் ஊர் நகைக்கடை, பாகிஸ்தானியர் கபாப், ஈரானியர் ரொட்டி. 2010இல் அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது பெயரல்ல. பல ஆண்டுகளாக நாங்கள் போகும் மளிகைக் கடையில் பில் போடும் அம்மா நம்மிடம் இந்தியில் பேசுவார், தன் பெண்ணிடம் குஜராத்தியில் பேசுவார், மூட்டை தூக்கும் பையனிடம் ஸ்பானிஷில் பேசுவார். அவருடைய ஸ்பானிஷ் அவருடைய ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கும்! அந்தப் பையனுக்கும் துவரம் பருப்புக்கும் கடலைப் பருப்புக்கும் வித்தியாசம் தெரியும். வெள்ளைக்காரர் யாரும் நடுவில் இல்லாமல் இரண்டு வந்தேறிகள் நேருக்கு நேர் பழகிக்கொள்ளும் இடம் அது. சாப்பாட்டிலும் இதைப் பார்க்கலாம். லூசியானா பக்கத்துக் கிராஃபிஷ், சிங்கி இறாலின் குட்டித் தம்பி போலிருக்கும். அதை அவித்து, வெண்ணெயும் பூண்டும் அள்ளிப் போட்டுப் புரட்டி, ஹூஸ்டனில் புகழ்பெற வைத்தவர்கள் வியட்நாமியர்கள். வியட்நாமில் அப்படி ஒரு பண்டம் கிடையாது, பழைய லூசியானாவிலும் கிடையாது. இப்போது பிப்ரவரி பிறந்தாலே எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதற்குத்தான் கிளம்புகிறார்கள்.

ஆனால் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளும் பதிவுகளைப் பார்த்தால் எனக்குச் சலிப்பாக இருக்கும். "எங்கள் ஊரில் எத்தியோப்பிய உணவகம் இருக்கிறது, ஆகவே நாங்கள் உலக நகரம்." அந்த உணவகக்காரரை நாளைக்கு யாராவது அடிக்க வந்தால் ஊர் என்ன செய்யும்? அதைச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்த பின் வந்த வியட்நாமியர் பலர் கால்வெஸ்டன் வளைகுடாவில் இறால் பிடிக்க இறங்கினார்கள். உள்ளூர் மீனவர்களுக்குப் போட்டி, கோபம். 1981இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு உள்ளே நுழைந்தது. ஒரு கூட்டத்தில் படகைக் கொளுத்திக் காட்டினார்கள். அப்புறம் முகமூடியும் துப்பாக்கியுமாகப் படகில் வளைகுடாவைச் சுற்றி வந்தார்கள். வியட்நாம் மீனவர் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கை விசாரித்தவர் நீதிபதி கேப்ரியேல் மெக்டொனால்ட், டெக்சஸில் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினத்தவர். கிளான் மீனவர்களை மிரட்டக் கூடாது என்று தடை விதித்தார். அந்த மீனவர்கள் தொழிலைத் தொடர முடிந்தது. பின்னாளில் அதே மெக்டொனால்ட், முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் தலைவராக ஹேக் நகரில் உட்கார்ந்தார். விளம்பரப் பலகையில் போட இதைவிட நல்ல சேதி ஹூஸ்டனுக்கு உண்டா? எங்கேயும் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது வாக்குச்சீட்டு. வாக்குரிமைச் சட்டத்தில் 1975இல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆங்கிலம் போதாத குடிமக்கள் ஒரு மொழிக் குழுவில் ஓரளவுக்கு மேல், உதாரணமாக ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 10,000 வாக்காளர் வயதினருக்கு மேல், இருந்தால் தேர்தல் தாள்களை அந்த மொழியிலும் தர வேண்டும். அப்படித்தான் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் ஸ்பானிஷோடு 2002இல் வியட்நாம் மொழியும் 2011இல் சீனமும் சேர்ந்தன. 2004இல் ஹியூபர்ட் வோ என்ற வியட்நாமியர், இருபது ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்தவரை விரல்விட்டு எண்ணும் வாக்குகளில் தோற்கடித்து டெக்சஸ் சட்டமன்றத்துக்குப் போனார். (தமிழில் வாக்குச்சீட்டு வருமா என்று கேட்காதீர்கள். நமக்கெல்லாம் ஆங்கிலம் தெரிந்து தொலைத்திருக்கிறது.)

இதெல்லாம் இருப்பதால் ஊர் சொர்க்கம் என்று சொல்லவில்லை. நகரம் ஒரு பக்கம் இழுத்தால் மாநிலம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. உள்ளூர்க் காவல்துறை குடியேற்ற அதிகாரிகளோடு ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. ஹூஸ்டன் அதை எதிர்த்து வழக்கில் சேர்ந்தது. சீனா, ஈரான் உள்ளிட்ட நான்கு நாடுகளைச் சேர்ந்தவர்கள் நிலம், வீடு வாங்கக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. பெல்லேர் சாலையில் கடை வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம்மவர்களையும் விடப்போவதில்லை. ஹூஸ்டனை ஒட்டிய பியர்லேண்டில் 1980களின் தொடக்கத்திலேயே மீனாட்சிக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிய தலைமுறையை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் இப்போது இருப்பது சுகர்லேண்ட், கேட்டி மாதிரி புறநகர்களில். தமிழ்ப்பள்ளி, கோயில், பிள்ளைகளின் கணிதப் போட்டி, வார இறுதியில் ஒரு பிறந்தநாள். சால்வடோர்க்காரரை நாம் பார்ப்பது புல் வெட்ட வரும்போது மட்டும். காந்தி வட்டாரத்துக்கே வருடத்தில் தீபாவளிக்கு முன்னால்தான் போகிறோம், அதுவும் "பார்க்கிங் சரியில்லை" என்று அலுத்துக்கொண்டே.

ஹூஸ்டனில் மண்டலச் சட்டம் இல்லை என்றேன் அல்லவா, சுகர்லேண்டில் உண்டு. அடுக்கக வாடகை வீடுகள் எங்கே, எத்தனை வரலாம் என்பதில் அங்கே கறாராக இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருமுறை அப்படி ஒரு திட்டம் பேச்சில் வந்தபோது குடியிருப்போர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தமிழர், தெலுங்கர், சீனர், நைஜீரியர், வியட்நாமியர், பாகிஸ்தானியர் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பள்ளியின் தரம் போய்விடும், நெரிசல் கூடும், "எந்த மாதிரி ஆட்கள் வருவார்களோ" என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் பிடித்துக்கொண்டார். அந்தப் பகுதியில் அத்தனை நாட்டுக்காரர்கள் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.