நடராஜர் பெருவிரலும் காந்த மையமும்

‘சிதம்பரம் நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்த மையம், வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருடம் ஆராய்ந்து சொன்னது’ என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. அது உண்மையில்லை.

காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு; மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்ட காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைப்பது. ஆனால் அது ஒரு புள்ளி அல்ல. ஆப்பிரிக்கா, தென்னிந்தியா, தென் அமெரிக்கா என உலகையே சுற்றிவரும் கோடு. சிதம்பரத்துக்கு வெகு தெற்கே செல்கிறது, வருடந்தோறும் சற்று நகரவும் செய்கிறது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா (NOAA) இணையத்தில் வைத்திருக்கும் காந்தப்புல வரைபடத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொன்று. தில்லையில் மூலவரே உற்சவர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் அந்தச் செப்புத் திருமேனியே தேரேறி வீதிக்கு வருகிறது. அப்போது மையமும் தேரில் வருமா என்ன?

இந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.