வரன் குழுக்களில் டாக்குமென்ட்டாகப் போகும் படங்கள்

வரன் பார்க்கும் வாட்ஸப் குழுக்களில் இந்த வரி அடிக்கடி வரும்: "போட்டோவை டாக்குமென்ட்டா அனுப்புங்க, அப்பதான் கிளாரிட்டி இருக்கும்." கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். பெண்ணின் அப்பாவும் ஜாதகத்தோடு படத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார். பத்திரம் கருதி வீட்டு முகவரியை மட்டும் எழுதாமல் விடுகிறார். ஆனால் மொட்டைமாடியில் எடுத்த அந்தப் படத்துக்குள்ளேயே வீடு இருக்கும் இடம் எண்களாகப் பதிவாகியிருக்கலாம். குழுவில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் யாரென்றே அவருக்குத் தெரியாது. இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

போன் எடுக்கும் படத்தோடு எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. 1995இல் ஜப்பானில் டிஜிட்டல் கேமராக்களுக்காக வந்த முறை இது. கேமரா மாடல், ஷட்டர் வேகம், தேதி, நொடி வரை நேரம் எல்லாம் இருக்கும். புகைப்படம் கற்றுக்கொள்பவர்களுக்கு நிஜமாகவே உதவும். கேமராவுக்கு லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் எண்களும் சேர்ந்துவிடும். திறந்த வெளியில் எடுத்த படம் என்றால் சில மீட்டர்தான் தள்ளிக் காட்டும். அதை அப்படியே கூகுள் மேப்பில் போட்டால் எந்தத் தெரு, எந்த வீடு என்று தெரிந்துவிடும். இதற்கு ஹேக்கர் எல்லாம் வேண்டாம். கம்ப்யூட்டரில் படத்தை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஆன்டிவைரஸ் மென்பொருளால் பேர் வாங்கிய ஜான் மெக்காஃபியே இதில் சிக்கியவர்தான். 2012இல் பெலிஸ் நாட்டுப் போலீஸ் ஒரு கொலை தொடர்பாக விசாரிக்கத் தேடியபோது தலைமறைவானார். டிசம்பரில் கூடவே இருந்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் அவருடைய படம் ஒன்றை இணையத்தில் போட்டார்கள். ஐபோனில் எடுத்த படம், ஜிபிஎஸ் எண்கள் நீக்கப்படவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது. அடுத்த சில நாட்களில் கைதானார்.

வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல்கள் நீங்கிவிடும். முகநூலில் போடும் படத்திலும் பார்ப்பவர்களுக்கு அது கிடைக்காது, முகநூல் நிறுவனத்துக்கு மட்டும் போய்ச் சேரும். டாக்குமென்ட், மின்னஞ்சல், டிரைவ் லிங்க் என்று கோப்பு அப்படியே போகும் வழிகளில்தான் ஆபத்து.

பெற்றவர்களை இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புதுப் போனில் கேமராவைத் திறந்ததும் லொகேஷன் அனுமதி கேட்கிறது. கொடுக்காவிட்டால் படமே எடுக்க முடியாதோ என்று நினைத்துத்தான் பலர் கொடுக்கிறார்கள். "இந்தப் படத்தில் எடுத்த இடம் இருக்கிறது, நீக்கிவிடவா?" என்று அனுப்பும் நேரத்தில் தமிழில் ஒரு வரி கேட்பது இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்குக் கஷ்டமா என்ன? கேட்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

சரி, அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது. ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸுக்குள் போய் லொகேஷன் டேக் என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் லொகேஷன் சர்வீசஸ் பட்டியலில் கேமராவுக்கு 'நெவர்' கொடுங்கள். இது இனி எடுக்கப்போகும் படங்களுக்கு. ஏற்கெனவே எடுத்ததை ஐபோனிலிருந்து பகிரும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொகேஷனை எடுத்துவிடலாம். விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டீடெயில்ஸ் பகுதியின் அடியிலேயே நீக்கும் வசதி இருக்கிறது. ஒன்றும் புரியவில்லையா, படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். கிளாரிட்டி கொஞ்சம் குறையும், குறையட்டும்.

அப்புறம், படத்திலேயே தெரியும் வண்டி நம்பர், பள்ளி ஐடி கார்டு, வாசல் பெயர்ப்பலகை இதெல்லாம் எக்ஸிஃபை நீக்கினாலும் போகாது. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். விபத்து, மிரட்டல், நில ஆக்கிரமிப்பு என்று போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போக வேண்டிய படம் என்றால் மூலக் கோப்பை அப்படியே பத்திரமாக வையுங்கள். எப்போது, எங்கே எடுத்தது என்ற கேள்வி வரும்போது அந்தத் தகவல்கள் உங்கள் பக்கம் பேசும். நீக்குவதாக இருந்தால் நகலில் நீக்குங்கள்.